சீட்டுக் கம்பியில் ஒரு கோடு

ஏப்ரல் 4

நெட்டைக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் வீட்டில் ஏதோ விபரீதம் என்று பதறாதே. வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நாம் இரண்டு பேரும் முட்டிக்கொள்வோம். எழுதினால் நடுவில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு சைக்கிள் வாங்க வேண்டும். எங்கள் நீரேற்று நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வேனை ஜூலை முதல் நிறுத்துகிறார்கள். சொந்தமாக வந்து சேர முடிந்தவர்கள் நிலையத்திலேயே இருக்கலாம், முடியாதவர்களுக்குத் தலைமை அலுவலகத்தில் மேஜை. எனக்குப் புகார்ப் பிரிவு. நாளெல்லாம் போனை எடுத்து, "ஆமாங்க, பார்க்கிறோங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை வருஷமாகக் காலையில் சோதனைக்கு முதல் பாட்டில் தண்ணீரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நான்தான் என்று உனக்குத் தெரியும். அந்த வேலையை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது.

ஸ்கூட்டர் வாங்கேன் என்று சொல்லாதே. கால்வாய்க் கரையில் மோட்டார் வண்டி போகக் கூடாது, கம்பி வைத்து அடைத்திருக்கிறார்கள். சுற்றிப் போனால் கல்குவாரி லாரிகளுக்கு நடுவே போக வேண்டும். சைக்கிள் என்றால் ரயில்வே கேட் வரை குண்டும் குழியுமான தார் ரோடு, அப்புறம் கரையோரம் ஜல்லி, கடைசியில் கான்கிரீட். காலையில் எதிர்காற்று வேறு.

எங்கள் பம்ப் ஆபரேட்டருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அதனால் எல்லோரும் அவரை சைரன் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர், முன்னால் ஸ்பிரிங் வைத்த சைக்கிள்தான் சரி என்று நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்கிறார். நீ சைக்கிள் கடையிலேயே குடியிருக்கிறவன். என் ஒரு மாதச் சம்பளத்துக்குள் என்ன வாங்கலாம் என்று எழுது. சைக்கிளைப் பற்றி மட்டும் எழுது.

அக்கா

ஏப்ரல் 13

அக்காவுக்கு,

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் ஒரு கடிதம். அதிலும் "நல்லா இருக்கியா" என்று ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை, ஹெட்மிஸ்ட்ரஸ் உத்தரவு, சைக்கிளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று நீ வாசலில் நின்று, "போனவன் போனவனாவே இரு" என்று சொன்னதை நான் ஞாபகத்திலேயே வைத்திருக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சைரன் அண்ணனிடம் என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, ஸ்பிரிங் பேச்சை அத்தோடு நிறுத்தச் சொல். விலை உயர்ந்த ஸ்பிரிங் வேறு சங்கதி. உன் சம்பளத்துக்குள் வருகிற ஸ்பிரிங் வெறும் பாரம். ஒவ்வொரு மிதிக்கும் தலையாட்டும், நீ போடுகிற பலத்தில் பாதியை அதுவே தின்றுவிடும், ஒரு மழைக்காலம் போனால் துருப்பிடித்து இறுகிவிடும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் ஆடாமல், கெட்டியாக இருந்தால் போதும். ஜல்லியின் அதிர்வை அகலமான டயர் வாங்கிக்கொள்ளும். அதிலும் காற்றைக் கல் மாதிரி அடைக்காதே, கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும்.

ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்ததாக இருக்கட்டும். இங்கே பையன்கள் ஆட்டுக்கொம்பு என்பார்கள். பந்தயக்காரர்களுக்குத்தானே அது என்று நீ உதட்டைப் பிதுக்குவாய், எனக்குத் தெரியும். எப்போதும் குனிந்தே ஓட்ட வேண்டியதில்லை. மேலே பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் போகலாம். கரையில் காற்று முகத்தில் அடிக்கும்போது மட்டும் வளைவைப் பிடித்துத் தாழ்ந்துகொள். ஒரே பிடியில் கை மரத்துப்போகாமல் இருக்கும்.

கடையில் இரண்டு விஷயம் பார். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் இருபுறமும் உன் சுண்டுவிரல் நுழைய வேண்டும், இல்லையென்றால் சேறு அடைத்துக்கொள்ளும். பின்சக்கரத்து அச்சுக்கு மேலே கேரியர் மாட்ட மரை போட்ட துளை இருக்க வேண்டும், நீ பாட்டில் பெட்டி தூக்கிப்போகிறவள். பார்த்துவிட்டு எழுது.

நெட்டை

ஏப்ரல் 22

நெட்டைக்கு,

நல்லா இருக்கியா? கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கடைக்காரர் பொல்லாதவர் இல்லை, ஆனால் ஸ்பிரிங் சைக்கிளை என் தலையில் கட்டியே தீருவது என்று இருந்தார். நான் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு சைக்கிளாகக் குனிந்து நோண்டியதும், "மேடம், என்ன தேடறீங்க?" என்றார். வளைந்த ஹேண்டில் வேண்டும், ஸ்பிரிங் வேண்டாம், டயர் அகலமாக வேண்டும் என்று நீ எழுதியதை ஒப்பித்தேன். அதற்கு மேல் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். நல்லவேளை, அவர் வாயை மூடிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார்.

இரண்டு இருக்கின்றன. ஒன்று அலுமினியம், தூக்கிப் பார்த்தால் பஞ்சு மாதிரி. ஆனால் என் விரல் நுழையவில்லை. இன்னொன்று இரும்பு, கனம்தான், விரல் தாராளமாகப் போகிறது, கேரியருக்குத் துளையும் இருக்கிறது. போன வருஷத்துச் சரக்கு. நிறம் பிடிக்காமல் யாருமே வாங்கவில்லையாம், அதனால் என் சம்பளத்துக்குள் வருகிறது. பச்சை என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது. கழுவாமல் விட்ட தொட்டிச் சுவரில் படர்ந்த பாசி நிறம். வேலையில் பாசியைப் பார்த்துப் பார்த்துத்தான் நமக்கு வயசாயிற்று, இதில் ஏறி வேறு உட்கார வேண்டுமா என்று சைரன் கேட்டுச் சிரித்தார். எனக்கென்னவோ பிடித்திருக்கிறது.

கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஏறும்போது கொஞ்சம் தடுமாறினேன், ஓட்டி எத்தனையோ வருஷம் ஆகிறதே. எதை வாங்கட்டும்? சீட்டை எந்த உயரத்தில் வைக்கச் சொல்லட்டும்? கடைக்காரர் அளந்து வைக்கிறேன் என்றார், உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அக்கா

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

பாசியையே வாங்கு. இரண்டாவது யோசனையே வேண்டாம். இரும்பு, ஜல்லியின் மேல் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகும், இடுப்பு தப்பிக்கும். எங்காவது விரிசல் விட்டாலும் தெருமுனையில் வெல்டிங் பிடித்துக்கொள்ளலாம். கனத்தைப் பற்றிக் கவலைப்படாதே, உன் பாட்டில் பெட்டிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

சீட்டு உயரத்துக்கு அந்தக் கடைக்காரர் உன்னை அளக்க வேண்டியதில்லை. எனக்கு உன் அளவு தெரியாதா? அப்பா சைக்கிளின் சீட்டுக் கம்பியில் ஆணியால் கீறிய இரண்டு கோடுகள் ஞாபகம் இருக்கிறதா? ஒரே சைக்கிளை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் நாளெல்லாம் சீட்டை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறோம் என்று அவர் எரிச்சலில் போட்டது. மேலே இருந்தது உன் கோடு. அதற்கு நாலு விரல் கீழே என் கோடு. எனக்குச் சீட்டை உயர்த்தினால் இரண்டு கோடும் வெளியே நிற்கும். உன் கோட்டுக்கு இறக்கினால் என் கோடு குழாய்க்குள் போய்விடும். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போன நாளெல்லாம் எனக்கு அதில் ஒரு கடுப்பு, அங்கே எனக்கு இடமே இல்லாத மாதிரி.

அந்தச் சைக்கிளை விற்பதற்கு முன்னால் நான் அளந்து வைத்திருந்தேன். மிதி சுற்றுகிற அச்சிலிருந்து சீட்டின் மேல்விளிம்பு வரை, உனக்கு அறுபத்தெட்டு சென்டிமீட்டர். கண்ணை மூடிக்கொண்டு அதையே வை.

முதலில் லீவு நாளில் பழகு. ஜல்லியில் முன் பிரேக்கை மட்டும் பிடித்து விழுந்து வைக்காதே. ஜூலைக்கு நிறைய நேரம் இருக்கிறது. உனக்குச் சைக்கிள் பார்த்துச் சொல்வதில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது அக்கா, சும்மா சொல்லவில்லை.

நெட்டை

மே 11

நெட்டைக்கு,

உன் பேச்சைக் கேட்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

பாசியை வாங்கி, நீ சொன்ன அறுபத்தெட்டில் சீட்டை வைத்து, லீவு நாட்களில் கரை வரை போய்வந்தேன். சைக்கிள் ஓடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். டயர் ஜல்லியில் கடகடவென்று ஆட்டாமல் போகிறது. ஆட்டுக்கொம்பும் பழகிவிட்டது, காற்றில் தாழ்ந்துகொண்டால் நிஜமாகவே மூச்சு வாங்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து இறங்கினால் இடுப்பு என்னுடையதாகவே இல்லை. நேற்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

சீட்டுதான் கோணல். உட்கார்ந்தால் இடது பக்கமாகவே வழுக்குகிறேன். இடது பெடல் கீழே போகும்போது என் கால்விரல் நுனிதான் அதைத் தொடுகிறது. கடைக்காரரிடம் கொண்டுபோய்ச் சத்தம் போட்டேன். அவர் நூல் பிடித்துப் பார்த்து, "சீட்டு நேராத்தான் மேடம் இருக்கு" என்றார். இறக்கி வைத்துத் தந்தார். இறக்கினால் வலது முழங்கால் வலிக்கிறது. ஏற்றினால் இடுப்பு, இறக்கினால் முழங்கால்.

உனக்கு என் அளவு தெரியும் என்று எத்தனை தைரியமாக எழுதினாய். நீ எப்போதுமே அப்படித்தான், தூரத்தில் இருந்துகொண்டு எல்லாம் தெரிந்த மாதிரி. மாற்றல் விண்ணப்பம் மேஜை மேல் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். புகார்ப் பிரிவிலாவது சாய்ந்து உட்கார நாற்காலி இருக்கும்.

அக்கா

மே 17

அக்கா,

கையெழுத்துப் போடாதே. கூரியரில் அனுப்புகிறேன், நீயும் அப்படியே பதில் போடு.

சைக்கிளில் கோணல் இல்லை. நீ இடது பக்கம் வழுக்குவது, இடது விரல் நுனி மட்டும் பெடலைத் தொடுவது, இறக்கினால் வலது முழங்கால் வலிப்பது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது சீட்டின் கோளாறே இல்லை. வேலைக்குப் போட்டுப் போகிற செருப்பைத் திருப்பிப் பார், ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கும். கடையில் ஏறும்போது தடுமாறினேன் என்று முன்பே எழுதியிருந்தாய், நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

உன் இடது காலுக்கு என்ன ஆயிற்று?

நெட்டை

மே 22

நெட்டைக்கு,

செருப்பைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

நீ ஊரை விட்டுப் போன அந்த வருஷத்து மழைக்காலத்தில் நடந்தது. வடிகட்டித் தொட்டியின் படியில் இரண்டு கையிலும் பாட்டிலோடு இறங்கினேன். பாசி வழுக்கிவிட்டது. தொடை எலும்பு முறிந்து, தகடு வைத்தார்கள். சைரன் போட்ட சத்தத்தில்தான் கரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஓடிவந்தார்களாம், அவர் குரலுக்கு அன்றைக்குத்தான் நான் முதல்முறை நன்றி சொன்னேன். ஆஸ்பத்திரிப் பேப்பரில் கையெழுத்துப் போட்டது அவர். வீட்டில் படுத்திருந்த மாதங்களில் சாப்பாடு கொண்டுவந்தது அவர் மனைவி. எலும்பு சேர்ந்துவிட்டது. சேர்ந்ததில் கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். நடக்கும்போது யாருக்கும் தெரியாது. சுடிதார் பேன்ட்டில் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மடித்துத் தைத்துக்கொள்கிறேன். எனக்கே அது மறந்துபோய்விட்டது என்று நினைத்திருந்தேன். உன் அறுபத்தெட்டைப் படித்தபோது கூட, அது பழைய காலுக்கு உள்ள அளவு என்று தோன்றவில்லை பார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஆஸ்பத்திரியில் போனைக் கையில் எடுத்தேன். போனவன் போனவனாகவே இரு என்று சொன்ன வாயால், வா என்று எப்படிச் சொல்வது? சொன்னால் வேலையை உதறிவிட்டு ஓடிவந்து, அப்புறம் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவாய் என்று நினைத்தேன். சொல்லியும் நீ வராமல் போனால் என்ன செய்வது என்றும் நினைத்தேன். எது பெரிய பயம் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

விண்ணப்பத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இந்தக் காலோடு இந்தச் சைக்கிள் ஓடுமா ஓடாதா என்று மட்டும் உள்ளதைச் சொல். ஆறுதல் வேண்டாம்.

அக்கா

மே 27

அக்காவுக்கு,

ஓடும். அதை முதலில் சொல்லிவிட்டேன். இனி கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். நீ எலும்பு முறிந்து கிடந்த மாதங்களில் நான் இங்கே என்னென்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சைரன் அண்ணன் கையெழுத்துப் போட்டாராம். நான் என்ன செத்தா போனேன்? நான் வந்திருப்பேன் அக்கா. சொல்லியும் காட்டியிருப்பேன், அதையும் மறுக்கவில்லை. ஆனால் வந்திருப்பேன். நீ கோபத்தில் ஒன்று சொன்னாய் என்று இரண்டு வருஷம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்த வெட்கம் எனக்கும் இருக்கிறது.

இன்னொன்று. இந்தக் கடைக்கு வருகிற ஒருவரைக் கூட நான் அளக்காமல் சைக்கிளில் ஏற்றியதில்லை. வாரா வாரம் வருகிறவராக இருந்தாலும் சுவரோரம் நிற்க வைத்து மறுபடி அளப்பேன், உடம்பு மாறிக்கொண்டே இருக்கும் என்று பெரிய வாத்தியார் மாதிரி சொல்வேன். உன்னை மட்டும் அளக்கவில்லை. உன்னை எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. அதில் இருப்பது இடது பெடல். இரண்டு முகத்திலும் தகடு வைத்து, மேலே ரப்பர் ஒட்டி, உன் காலுக்கு உயர்த்தியிருக்கிறேன். ஒன்றரையும் முழுதாக வைக்கவில்லை, உடம்பு பழகட்டும். நானே ராவி எடுத்தது, கொஞ்சம் அழகில்லாமல் இருக்கும். மாட்டும்போது ஒன்று கவனம். இடது பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும். வழக்கம்போல வலப்பக்கம் திருகினால் மரை நாசமாகிவிடும்.

பெடலை மாட்டிய பின் சீட்டை எந்த உயரத்தில் வைப்பது என்று நான் எண் சொல்லப் போவதில்லை. செருப்பில்லாமல் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, ஒவ்வொரு காலும் கீழே போகும்போது இடுப்பு ஆடாமல் நீள்கிறதா என்று பார். ஆடாத இடத்தில் நிறுத்து. அதுதான் இனி உன் உயரம். அங்கே ஆணியால் ஒரு கோடு போட்டுக்கொள்.

அந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போடு.

நெட்டை

ஜூலை 1

நெட்டைக்கு,

இன்று வேன் வரவில்லை.

பெடல் போன மாதமே வந்தது. சைரன் நான் மாட்டுகிறேன் என்று பிடுங்கிக்கொண்டு, வலப்பக்கமாகத் திருகப் போனார். நீ எழுதியதைச் சொன்னதும், "இந்த வயசுல எனக்கு மரை சொல்லித் தராங்க" என்று பம்ப் ஹவுஸே அதிர்கிற மாதிரி புலம்பிவிட்டு எதிர்ப்பக்கம் சுற்றினார். அழகாக இல்லைதான். ஆனால் அதில் கால் வைத்த முதல் தடவை, இரண்டு பாதமும் ஒரே மாதிரி அழுந்தியது. விழுந்த நாளுக்கு அப்புறம் எனக்கு அப்படி இருந்ததே இல்லை. கரையில் ஒரு ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் ஓட்டினேன். இடுப்பு வலிக்கவில்லை. முழங்காலும் சும்மா இருக்கிறது.

விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் காலியாக இருந்தது, அதில் குளோரின் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மேலதிகாரி கேட்டார், நான் சைக்கிளில் வருகிறேன் என்றேன். என் காலைப் பார்த்தார். "பெடலைப் பாருங்க சார்" என்றேன்.

காலையில் தார் ரோட்டில் குழிகளை ஒதுக்கிக்கொண்டு போனேன். கரையில் நல்ல காற்று, வளைவைப் பிடித்துத் தாழ்ந்துகொண்டேன். பாட்டில் பெட்டி பின்னால் ஆடாமல் வந்தது. கான்கிரீட்டுக்கு ஏறியதுமே சைரனின் குரல் கேட்டது, நான் வந்துவிட்டேன் என்று எனக்கே அறிவித்துக்கொண்டிருந்தார். முதல் பாட்டிலை நான்தான் எடுத்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது.

நீ சொன்னபடி கோடு போட்டேன். ஆட்டி ஆட்டிப் பார்த்து, இறக்கி, ஏற்றி, கடைசியில் நின்ற இடம் உன் அறுபத்தெட்டைவிடக் கொஞ்சம் கீழே. அங்கே ஆணியால் கீறினேன். பெயின்ட் போகிறதே என்று கடைக்காரர் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

அப்புறம் சீட்டை மேலே இழுத்து, என் கோட்டுக்கு நாலு விரல் கீழே இன்னொரு கோடும் போட்டிருக்கிறேன். நான் ஓட்டும்போது அது குழாய்க்குள் போய்விடும், வெளியே தெரியாது. உள்ளே இருக்கும். ஆனால் அதை நான் ஞாபகத்தை நம்பித்தான் போட்டேன், உன்னை அளந்து போடவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் உனக்கு என்னென்ன மாறியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. லீவு கேட்டு வா. ஏறி உட்கார்ந்து பார்த்துச் சரியா என்று சொல்.

அக்கா